ஒரே காட்சி, இரண்டு குரல்: ஓர் இறுவட்டுக் கடையின் ஐந்து சனிக்கிழமைகள்

யாழ்ப்பாணத்து நாவலர் வீதியிலிருந்து பிரியும் ஒழுங்கை ஒன்றில், கீழே படங்களுக்குச் சட்டம் போடும் கடையும் மேலே இறுவட்டு வாடகைக்குக் கொடுக்கும் கடையுமாக ஒரு பழைய மாடிவீடு இருக்கிறது. எல்லாப் படமும் கைத்தொலைபேசியிலேயே கிடைக்கும் இந்தக் காலத்தில் இறுவட்டுக் கடை எப்படிப் பிழைக்கிறது என்று வியப்பவர்கள் அதன் பின்னறைக்குப் போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளையடித்த ஒரு சுவர், ஒரு புரொஜெக்டர், இரண்டு ஒலிபெருக்கிகள், இருபது பிளாஸ்டிக் கதிரைகள். அந்த அறையில் இருப்பது அவ்வளவுதான். அங்கே ஐந்து சனிக்கிழமை மாலைகளில், யப்பானியப் படங்களும் அனிமே எனப்படும் யப்பானியக் கார்ட்டூன்களும் ஆங்கிலத்துக்கு டப்பிங் செய்யப்பட்டு வந்த வரலாற்றைப் படம் போட்டே காட்டினார்கள். ஒரு மாலைக்கு 500 ரூபா, ஐந்துக்கும் சேர்த்துக் கட்டினால் 2000 ரூபா. இடைவேளையில் கிடைக்கும் தேத்தண்ணீரும் ஒரு றோல்சும் அந்தக் காசுக்குள் அடக்கம். ஐந்துக்கும் காசு கட்டி, ஒன்றையும் தவறவிடாமல் போய்வந்தவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

என்னை அங்கே இழுத்துக்கொண்டு போனவன் தரம் 10 இல் படிக்கும் என் பெறாமகன். அனிமே என்றால் அவனுக்குச் சோறு தண்ணீர் தேவையில்லை. யப்பானியக் குரலில் சப்டைட்டிலோடு பார்ப்பதுதான் பார்வை, ஆங்கில டப்பிங் கேட்பவர்கள் படத்துக்குத் துரோகம் செய்கிறவர்கள் என்பது அவனுடைய உறுதியான கொள்கை. எனக்கோ, எழுபதுகளின் நடுப்பகுதியில் அப்பாவோடு நகரத்துத் திரையரங்கு ஒன்றில் பார்த்த ராட்சத மிருகப் படத்தில், நடிகர் வாயை மூடிய பிறகும் குரல் ஓடிக்கொண்டிருந்ததும், "வாய் யப்பான், குரல் அமெரிக்கா" என்று அப்பா காதோடு சொன்னதும் மட்டுமே டப்பிங்கைப் பற்றித் தெரிந்திருந்தது. சப்டைட்டில் வாசித்துப் படம் பார்க்கும் பொறுமை எனக்கு இன்றைக்கும் இல்லை. சின்னம்மாவும் பெறாமகனும் ஆளுக்கொரு கட்சியாகத்தான் உள்ளே போனோம் என்பதை முதலிலேயே சொல்லிவிட்டால், கீழே வரும் தீர்ப்புகளை வாசகர்கள் அதற்கேற்ப எடைபோட்டுக்கொள்ளலாம்.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். வயது வேறுபாடின்றி எல்லோரும் அவரை "அண்ணை" என்றே கூப்பிடுகிறார்கள். அவர் விரிவுரை செய்வதில்லை என்பதே இந்த மாலைகளின் முதல் நற்பண்பு. ஒரு காட்சியை யப்பானிய மொழியில் ஓடவிடுவார், நிறுத்துவார், பின்னே கொண்டுபோவார், ரிமோட்டில் ஒலித்தடத்தை மாற்றும் பொத்தானை அழுத்துவார். அதே காட்சி ஆங்கிலத்தில் ஓடும். பிறகு எங்களைத் திரும்பிப் பார்ப்பார். இரண்டொரு வசனம் மட்டும் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போய்விடுவார். இப்படி ஒரே தட்டில் இரண்டு மொழியையும் மாற்றி மாற்றிக் கேட்பது ஒரு காலத்தில் முடியாத காரியம். தொண்ணூறுகளில் அமெரிக்கக் கடைகளில் அனிமே வீடியோ நாடாக்கள் டப்பிங் செய்தவை வேறாகவும் சப்டைட்டில் போட்டவை வேறாகவும் விற்கப்பட்டன; சப்டைட்டில் நாடாவுக்கு விலையும் பெரும்பாலும் கூட. எந்தக் கட்சி என்பதைக் காசு கொடுக்கும்போதே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. அந்தப் பத்தாண்டின் கடைசியில் வந்த டிவிடி, ஒரே தட்டில் எட்டு ஒலித்தடங்கள் வரை வைத்துக்கொள்ள இடம் கொடுத்தது. என் பெறாமகன் இன்று நடத்தும் சண்டை அந்த நாடாக் காலத்தில் பிறந்தது என்பதை அறிந்தபோது அவன் சற்று அடங்கிப்போனான்.

முதல் மாலை, எதிர்பார்த்தபடியே, கொட்ஸில்லா என்ற ராட்சத மிருகத்தின் படத்துடன் தொடங்கியது. மூலப் படம் 1954 நவம்பரில் யப்பானில் வெளியானது. இயக்கியவர் இஷிரோ ஹொண்டா. அதே ஆண்டு மார்ச் மாதத்தில்தான் பிகினித் தீவில் அமெரிக்கா நடத்திய ஐதரசன் குண்டுப் பரிசோதனையின் கதிர்வீச்சுச் சாம்பல், மீன்பிடிக்கப் போயிருந்த ஒரு யப்பானியப் படகின் மேல் விழுந்திருந்தது. படகில் இருந்த 23 பேரில் ஒருவர் செப்டம்பரில் இறந்தார். படம் தொடங்கும்போதே கடலில் ஒரு வெளிச்சம் எழுந்து கப்பல் அழிவது எதை நினைவூட்டியது என்று அன்றைய யப்பானியருக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. படத்தின் நடுவே, ஓடும் ரயிலில் ஒரு பெண் சர்வசாதாரணமாக, நாகசாக்கிக் குண்டிலிருந்து ஒருபடியாகத் தப்பி வந்தேன், இப்போது இதுவா என்று அலுத்துக்கொள்கிறாள். அண்ணை அந்த இடத்தில் நிறுத்திவிட்டு, "இனி அமெரிக்கப் படத்தில இந்த ரயிலைத் தேடுங்கோ" என்றார். 1956 இல் அமெரிக்காவில் வெளியான வடிவத்தில் அந்த உரையாடல் கிடையாது.

அந்த அமெரிக்க வடிவத்தை நான் டப்பிங் படம் என்றே இதுநாள்வரை நினைத்திருந்தேன். உண்மையில் அது அரைகுறை டப்பிங்தான். ரேமண்ட் பர் என்ற நடிகரை அமெரிக்கச் செய்தியாளராகப் போட்டுப் புதிய காட்சிகள் எடுத்து, அவற்றை மூலப் படத்துக்குள் செருகினார்கள். அவர் பேசும்போது எதிரே நிற்பவர்களின் முதுகு மட்டுமே தெரியும். மூல நடிகரைப் போல உடையணிந்த வேறொருவர் முதுகைக் காட்டிக்கொண்டு நிற்க, அடுத்த வெட்டில் மூல நடிகரின் முகம் வரும். பல இடங்களில் யப்பானிய உரையாடலை அப்படியே விட்டுவிட்டு, பக்கத்தில் நிற்கும் அதிகாரி ஒருவர் செய்தியாளருக்கு மொழிபெயர்த்துச் சொல்வதாக அமைத்துவிட்டார்கள். டப்பிங் தேவைப்பட்ட இடங்களில் ஜேம்ஸ் ஹொங், சாமி டொங் போன்ற சிலரே பல பாத்திரங்களுக்கும் குரல் கொடுத்தார்கள். 96 நிமிடப் படம் 80 நிமிடமாகச் சுருங்கியது. யப்பானிய வடிவத்தின் முடிவில் முதிய விஞ்ஞானி, அணுகுண்டுப் பரிசோதனைகள் தொடர்ந்தால் இன்னொரு கொட்ஸில்லா தோன்றக்கூடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அமெரிக்க வடிவத்தில் அந்த வார்த்தைகள் இல்லை; ஆபத்து நீங்கியது, உலகம் மீண்டும் வாழலாம் என்ற பொருளில் செய்தியாளரின் குரல் ஒலிக்கப் படம் முடிகிறது. இரண்டு முடிவுகளையும் அடுத்தடுத்துப் போட்டபோது அறையில் மின்விசிறியின் சத்தம் மட்டுமே கேட்டது. வானொலிச் செய்தியில் எங்கள் ஊரின் பெயர் மட்டும் விடுபட்டுப்போவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்த அறையில் பலர் இருந்தார்கள். சொல்லை மாற்றுவதைவிடச் சொல்லாமல் விடுவது எவ்வளவு எளிது என்பதை அவர்களுக்குத் தனியாக எடுத்துச் சொல்லத் தேவையிருக்கவில்லை.

மூல வடிவம் அமெரிக்கத் திரையரங்குகளுக்குப் பரவலாக வந்தது 2004 இல், அதாவது ஐம்பது ஆண்டுகள் கழித்து. இந்த ஒரு தகவலுக்காகவே முதல் மாலைக்குக் கொடுத்த காசு செரித்துவிட்டது.

அதே மாலையில் சிரிப்புக்கும் குறைவில்லை. கொட்ஸில்லாவின் இரண்டாவது படம் 1959 இல் அமெரிக்காவுக்கு வந்தபோது மிருகத்தின் பெயரையே 'ஜைகாண்டிஸ்' என்று மாற்றியிருந்தார்கள். அதற்குக் குரல் கொடுத்தவர்களில் பின்னாளில் விண்வெளித் தொடர் ஒன்றால் புகழ்பெற்ற ஜோர்ஜ் டக்கேயும் ஒருவர். படத்தில் ஒருவர் 'பக்காயாரோ' என்று திட்டுகிறார். முட்டாளே என்று பொருள். வாயசைவில் முதலில் உதடு மூட வேண்டும், நான்கு அசை இருக்க வேண்டும். ஆங்கிலத்தில் அதற்குக் கிடைத்தது 'பனானா ஒயில்'. அந்தக் காலத்து அமெரிக்கப் பேச்சில் அதற்கு வெறும் பிதற்றல் என்று பொருளாம். "வாழைப்பழத்தில எண்ணெய் வருமோ அண்ணை?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்க, அறை முழுவதும் சிரித்தது. ஆனால் அந்த மூன்று விநாடிக்குள் டப்பிங்கின் முழுச் சிக்கலும் அடங்கியிருக்கிறது. பொருளைப் பிடித்தால் உதடு தப்பும், உதட்டைப் பிடித்தால் பொருள் தப்பும்.

கிங்கொங் என்ற ராட்சதக் குரங்கோடு கொட்ஸில்லா மோதும், 1963 இல் அமெரிக்காவுக்கு வந்த படத்துக்கு அதிக நேரம் கொடுக்கவில்லை. அது சரியான முடிவுதான். விளம்பரதாரர்களைக் கிண்டல் செய்த யப்பானிய நகைச்சுவை போய், செய்தி வாசிப்பவர் ஒருவர் வந்து உட்கார்ந்து கதையை விளக்குகிறார். அகிரா இபுகுபேயின் இசை பெரும்பாலும் போய், கையிருப்பு இசை வந்துவிட்டது. யப்பானிய வடிவத்தில் கொட்ஸில்லா வெல்லும், அமெரிக்க வடிவத்தில் கொங் வெல்லும் என்று முன்வரிசைப் பெரியவர் ஒருவர் அடித்துச் சொன்னார். அண்ணை மறுபேச்சுப் பேசாமல் இரண்டு முடிவையும் போட்டுக் காட்டினார். இரண்டிலும் கொங்தான் நீந்திப் போகிறது. பெரியவர் ஒத்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

எனக்கு அதைவிடச் சுவைத்தது 1965 ஆம் ஆண்டின் வேற்றுக்கிரகப் படம். அமெரிக்க நடிகர் நிக் அடம்ஸ் படப்பிடிப்பில் ஆங்கிலம் பேச, எதிரே நின்ற அகிரா தக்கராடா யப்பானிய மொழியில் பதில் சொல்லியிருக்கிறார். ஆக, யப்பானிய வடிவத்தில் அடம்ஸுக்கு வேறொருவர் குரல். ஆங்கில வடிவத்தில் தக்கராடாவுக்கு வேறொருவர் குரல். மூலம் எது, டப்பிங் எது என்று கேட்டால் விடையில்லை. "அப்ப எதைப் பார்க்கிறது?" என்று பெறாமகன் முணுமுணுத்தான். அவனுடைய கொள்கையில் விழுந்த முதல் விரிசல் அது.

ஒரு குறையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். யப்பானியத் துப்பறியும் படமொன்றின் ஒலியை முழுவதும் அழித்து, வேறு கதையைக் கேலியாக ஒட்டி வூடி அலன் 1966 இல் வெளியிட்ட படத்தில் பத்து நிமிடம் ஓடியது. எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். ஆனால் பொருந்தாத வாயசைவைக் கொண்டு ஓர் இனத்தவரையே கோமாளியாக்கும் பழக்கத்தில் அந்தப் படத்துக்கும் பங்குண்டு. அதைப் பற்றி ஒரு வசனமாவது சொல்லியிருக்கலாம். அன்று நேரம் போய்விட்டது என்றார் அண்ணை. நேரம் போனதற்குக் காரணம், நிகழ்ச்சி அரை மணித்தியாலம் பிந்தித் தொடங்கியது. ஐந்து மாலையும் அப்படித்தான்.

இரண்டாவது மாலை தொலைக்காட்சிக்கு உரியது. ஒசாமு தெசுக்காவின் 'அஸ்ட்ரோ போய்' 1963 ஜனவரி முதலாம் திகதி யப்பானில் ஒளிபரப்பாகத் தொடங்கியது. அதே ஆண்டே பிரெட் லாட் என்பவரின் மேற்பார்வையில் ஆங்கிலமாகி அமெரிக்க வீடுகளுக்குள் வந்தது. 193 அத்தியாயங்களில் 104 மட்டுமே ஆங்கிலமாயின. பெரிய மூக்குக்காரரான பேராசிரியர் ஒச்சனோமிசு, டொக்டர் எலிபன் ஆனார். எலிபன் என்றால் எலிபன்ட்தான். மூக்கைப் பார்த்து வைத்த பெயர். இத்தனை அத்தியாயங்களுக்கும் முதன்மையாகக் குரல் கொடுத்தவர்கள் மூவர் மட்டுமே. இயந்திரச் சிறுவனின் குரல் பில்லி லூ வாட் என்ற பெண்ணுடையது. அவருடைய குரலையும் யப்பானியக் குரலையும் மாறி மாறிக் கேட்டபோது எனக்கு ஆங்கிலக் குரலே கூடுதலாகப் பிடித்தது. அதில் ஒரு பிள்ளையின் பிடிவாதம் இருக்கிறது. இதை வீட்டுக்குத் திரும்பும் வழியில் சொன்னதற்காகப் பெறாமகன் என்னோடு கொஞ்ச நேரம் கதைக்கவில்லை.

1967 ஆம் ஆண்டின் 'ஸ்பீட் ரேசர்' வேறு ரகம். பீட்டர் பெர்னாண்டஸ் என்ற ஒருவரே ஆங்கில வசனம் எழுதி, நெறிப்படுத்தி, கதாநாயகனுக்கும் அவனுடைய முகமூடி அண்ணனுக்கும் குரல் கொடுத்து, தொடக்கப் பாட்டுக்கும் ஆங்கில வரி எழுதினார். கதாநாயகனின் தோழிக்கும் சின்னத் தம்பிக்கும் கொரின் ஓர் என்ற ஒரே பெண்ணின் குரல். 52 அத்தியாயங்களையும் குறைந்த காசிலும் குறுகிய காலத்திலும் முடிக்க வேண்டியிருந்தது. வரைந்த வாய் எத்தனை தடவை திறக்கிறதோ அத்தனைக்குள் கதையை அடைக்க வேண்டியிருந்ததால் எல்லோரும் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள். சந்தியில் ஆள் ஏற்றும் மினிபஸ் நடத்துநரின் வேகம் அது. இதைக் கேட்டபோது, எண்பதுகளில் ரூபவாஹினியில் டைட்டஸ் தொட்டவத்த சிங்களத்தில் டப்பிங் செய்த கார்ட்டூன்கள் நினைவுக்கு வந்தன. 'டொக்டர் ஸ்னகிள்ஸ்' அவர் கையில் 'தொஸ்தர ஹொந்த ஹித்த' ஆகி, மொழி விளங்காத எங்களையும் உட்கார வைத்தது. டப்பிங் என்றால் மட்டமானது என்று பொதுவாகச் சொல்பவர்கள் அவரைக் கேட்டிருக்கமாட்டார்கள்.

அன்றைக்கு இடைவேளைக்குப் பிறகு இருபது நிமிடம் மின்சாரம் நின்றது. அண்ணை மெழுகுதிரி கொளுத்திவிட்டு, தொண்ணூறுகளில் மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றரோடும் வாடகை டெக்கோடும் வீடு வீடாகப் படம் போட்ட கதைகளைச் சொன்னார். எஞ்சின் சத்தத்தில் வசனம் கேட்காது. ஏற்கெனவே படத்தைப் பார்த்த ஒருவர் பக்கத்தில் நின்று கதையைச் சொல்லிக்கொண்டிருப்பாராம். அதுவும் ஒரு டப்பிங்தான் என்றார். மின்சாரம் சற்றுப் பிந்தி வந்திருக்கக்கூடாதா என்றிருந்தது.

மூன்றாவது மாலையைச் சுருக்கமாகவே சொல்லலாம். நிகழ்ச்சியில் மிகவும் தொய்ந்தது அதுதான். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் நடந்தது டப்பிங் என்பதைவிடத் தையல் வேலை. 'கட்சமான்' என்ற தொடர் 1978 இல் அமெரிக்காவுக்குப் போனபோது, விண்வெளிப் படங்களுக்குக் கிடைத்த வரவேற்பைப் பார்த்து, பூமியில் நடந்த சண்டைகளை வேறு கிரகங்களுக்கு மாற்றி, வன்முறையை வெட்டி, வெட்டிய இடத்தை நிரப்ப 7-சார்க்-7 என்ற ரோபோவைப் புதிதாக வரைந்து சேர்த்தார்கள். 105 அத்தியாயங்கள் 85 ஆயின. 1979 இல் வந்த 'ஸ்டார் பிளேசர்ஸ்' தொடரில் கப்பல் மருத்துவர் குடிக்கும் அரிசி மது ஊற்றுநீராக மாறியது. ஊற்றுநீர் குடித்துவிட்டு மனிதர் தள்ளாடுகிறார். 1985 இல் கார்ல் மசெக், நாள்தோறும் ஒளிபரப்ப 65 அத்தியாயங்களாவது தேவை என்ற தொலைக்காட்சி நிபந்தனைக்காக, ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மூன்று தொடர்களை ஒரே பரம்பரைக் கதையாகத் தைத்தார். 36, 23, 25 அத்தியாயங்களும், துண்டுகளிலிருந்து கட்டிய இன்னொன்றுமாக 85 அத்தியாயங்கள் கொண்ட 'ரோபோடெக்' பிறந்தது. இவை எல்லாவற்றையும் ஐந்து ஐந்து நிமிடத் துண்டுகளாகப் போட்டதால் எதுவும் மனதில் நிற்கவில்லை. ஓர் அத்தியாயத்தை முழுதாகப் போட்டிருந்தால் அந்தத் தையலின் திறமையும் தெரிந்திருக்கும். மசெக்கைத் திட்டுபவர்கள் உண்டு. ஆனால் சாவும் காதலும் உள்ள தொடர்கதையைக் கார்ட்டூனாகக் காட்டலாம் என்று அமெரிக்கப் பிள்ளைகளுக்குத் தெரியவைத்தவர்களில் அவரும் ஒருவர்.

அன்று பெறாமகன் விழித்துக்கொண்டது கடைசிப் பதினைந்து நிமிடத்தில்தான். 1998 இல் அமெரிக்காவுக்கு வந்த போகிமொன் தொடரில், முக்கோண வெள்ளைச் சோற்று உருண்டையில் கடற்பாசித் தாளைச் சுற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஜாம் நிரப்பிய டோனட் எவ்வளவு ருசி என்று ஒருவன் பேசுகிறான். "சின்னம்மா, அது சோத்து உருண்டை எண்டு கண்ணுக்குத் தெரியுது. ஏன் டோனட் எண்டு சொல்லுறாங்கள்?" என்று கேட்டான். அம்மா பழஞ்சோற்றில் மிஞ்சிய கறியெல்லாம் போட்டுக் குழைத்து உருண்டை உருண்டையாகக் கையில் வைத்த குழையல்சோறு தின்று வளர்ந்த வீட்டில், சோறு உருண்டையாக இருப்பதை மறைக்கக் காரணம் ஒன்றும் தோன்றவில்லை. அதே காலத்தில் 'ட்ராகன் போல் இசட்' தொடரில், நரகத்தின் காவலர்கள் அணிந்த மேலங்கியில் நரகம் என்று எழுதியிருந்த ஆங்கில எழுத்துகளைத் திருத்தி 'எச்.எப்.ஐ.எல்.' ஆக்கினார்கள். செத்தவர்கள் சாகவில்லை, வேறு பரிமாணத்துக்குப் போனார்கள். பிள்ளைகள் நரகத்தைப் பற்றி அறியக்கூடாது. ஆனால் ஒருவரையொருவர் மலையோடு சேர்த்து மோதி உடைப்பதைப் பார்க்கலாம்.

நான்காவது மாலைதான் நிகழ்ச்சியின் உச்சம். இயக்குநர் ஹயாவோ மியாசாக்கியின் 'நவுசிக்கா' 1984 இல் வந்தது. அடுத்த ஆண்டே ஓர் அமெரிக்க நிறுவனம் அதில் இருபது நிமிடத்துக்கும் மேல் வெட்டி, கதாநாயகியின் பெயரை சாண்ட்ரா என்று மாற்றி, படத்தில் இல்லாத ஆண்களைச் சுவரொட்டியில் வரைந்து வெளியிட்டது. சுற்றுச்சூழல் கதை பூச்சிச் சண்டைக் கதையாகியது. மியாசாக்கியின் படங்களைத் தயாரிக்கும் ஜிப்லி நிறுவனத்தார் அந்தச் சூட்டை மறக்கவில்லை. வெட்டக்கூடாது என்பதை அதற்குப் பிறகு நிபந்தனையாக்கினார்கள். 1997 ஆம் ஆண்டின் 'மொனொனோக்கே' படத்தை அமெரிக்காவில் வெளியிட இருந்த மிராமக்ஸ் நிறுவனத் தலைவர் அதைக் குறைக்க விரும்பியபோது, தயாரிப்பாளர் தொஷியோ சுசுக்கி, வெட்டாதே என்ற செய்தியோடு ஒரு வாளைக் கொடுத்தார். படம் வெட்டப்படவில்லை. ஆங்கில வசனத்தை எழுதும் பொறுப்பு எழுத்தாளர் நீல் கெய்மனிடம் போனது. டப்பிங் வசனத்தை எழுத ஓர் எழுத்தாளரைக் கூப்பிட வேண்டும் என்று தோன்றுவதற்கு, கொட்ஸில்லாவிலிருந்து எண்ணினால் நாற்பது ஆண்டுக்கு மேல் எடுத்திருக்கிறது.

ஆனால் படத்தை வெட்டாமலேயே அதன் பொருளை மாற்றலாம் என்பதை அண்ணை காட்டிய இடமே எனக்கு மிகவும் பிடித்தது. கிக்கி என்ற சின்னச் சூனியக்காரியின் கதை 1989 இல் வந்தது. 1998 இல் டிஸ்னி அதை டப்பிங் செய்தபோது ஜிஜி என்ற கறுப்புப் பூனைக்கு நகைச்சுவை நடிகர் பில் ஹார்ட்மன் குரல் கொடுத்தார். யப்பானியத்தில் அதே பூனைக்கு ஒரு பெண்ணின் மெல்லிய குரல். யப்பானியப் பூனை மௌனமாக இருக்கும் இடங்களில் ஆங்கிலப் பூனை குத்தலாகப் பேசிக்கொண்டே இருக்கிறது. கிக்கி தன் ஆற்றலை இழக்கும்போது பூனையின் பேச்சும் அவளுக்கு விளங்காமல் போகிறது. யப்பானிய வடிவத்தில், ஆற்றல் திரும்பி வந்த பிறகும் பூனை மியாவ் என்று மட்டுமே சொல்கிறது. அவள் வளர்ந்துவிட்டாள். ஆங்கிலத்திலோ கடைசியில் பூனை மறுபடியும் பேசிவிடுகிறது. அண்ணை அந்தக் கடைசிக் காட்சியை மூன்று முறை போட்டார்: யப்பானியம், 1998 ஆங்கிலம், அந்தக் கூடுதல் பேச்சை நீக்கி 2010 இல் வெளியிட்ட ஆங்கிலம். ஒரு பூனையின் ஒரு வரி போனதும் படம் மீண்டும் வளர்ந்த பெண்ணின் கதையாகிறது. எனக்குப் பக்கத்தில் இருந்த இளம் தாய் ஒருவர் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். பெறாமகன் என்னைப் பார்த்து வெற்றிப் புன்னகை செய்தான். நான் தோற்றேன் என்றே வைத்துக்கொள்ளலாம்.

2001 ஆம் ஆண்டின் 'ஸ்பிரிட்டட் அவே' ஆங்கில வடிவத்தில் சிறுமி அந்தப் பெரிய கட்டடத்தைப் பார்த்ததும், இது குளியல் மாளிகை என்று வாய்விட்டுச் சொல்கிறாள். யப்பானியச் சிறுமி எதுவும் சொல்வதில்லை. வாசலில் தொங்கும் துணியைப் பார்த்தாலே யப்பானியருக்குத் தெரியும். இந்தச் சேர்க்கையை நான் குறையாக எண்ணவில்லை. கோபுரத்தைக் கண்டவுடன் கோயில் என்று நமக்கு யாரும் சொல்வதில்லை. ஆனால் வெளியாருக்குச் சொல்லத்தான் வேண்டும். அதே வடிவத்தின் கடைசியில், புதிய பள்ளிக்கூடத்தைத் தன்னால் சமாளிக்க முடியும் என்று அவள் சொல்லும் வரிதான் வேண்டாதது. சிறுமி முகத்தில் இருந்ததைக் காதுக்குள் ஊற்றுகிறார்கள்.

கடைசி மாலையில் நாங்களே குரல் கொடுத்தோம். அதற்கு முன்னுரையாக 'கௌபோய் பீபொப்' தொடரின் ஒரு காட்சி. 2001 செப்டம்பரில் அமெரிக்கத் தொலைக்காட்சிக்கு வந்த அந்தத் தொடரில் ஸ்டீவ் புளூமின் ஆங்கிலக் குரலை, மூலத்துக்குச் சமமானது என்று யப்பானியக் கட்சிக்காரர்களும் ஒத்துக்கொள்வதுண்டு, பெறாமகனும் ஒத்துக்கொண்டான். யப்பானில் அனிமேக்குக் குரல் பதியும்போது நடிகர்கள் ஒரே அறையில் கூடி, சில ஒலிவாங்கிகளுக்கு முன் மாறி மாறி வந்து நின்று பேசுவது நீண்டகால வழக்கம். ஆங்கிலத்தில் பெரும்பாலும் ஒவ்வொருவரும் தனித்தனியாக வந்து, எதிராளியின் குரலைக் காதில் மாட்டிக்கொண்டு பேசுகிறார்கள். காதுக்குள் மூன்று முறை 'பீப்' என்று கேட்கும். நான்காவது வரவேண்டிய இடத்தில் வாய் திறக்க வேண்டும்.

அண்ணை ஓர் ஒலிவாங்கியையும் மடிகணினியையும் வைத்து எங்களுக்கு அதே மூன்று பீப்பைக் கொடுத்தார். யாழ்ப்பாணத் தமிழில் பேச வேண்டும் என்பது ஒரே நிபந்தனை. இணையத்தில் இன்று சில அனிமே தொடர்கள் தமிழிலும் வருகின்றன. ஆனால் அது சென்னைத் தமிழ். முதலில் வந்தவருக்கு விழுந்தது 'ஹாய்', அதாவது ஆம். அவர் இயல்பாக "ஓம்" என்றார். திரையில் வாய் திறந்தபடியே நிற்க, குரலில் உதடு மூடிக்கொண்டது. நாள்தோறும் நூறு தடவை சொல்லும் சொல் மகரத்தில் முடிகிறது என்பதை நான் அன்றுதான் கவனித்தேன். கடைசியில் "சரி" என்று வைத்து ஒப்பேற்றினோம். நில் என்று பொருள்படும் 'மத்தே' அதற்கு நேர்மாறு. ஆங்கிலத்தில் 'வெயிட்' என்றால் தொடக்கத்தில் உதடு முழுதாக மூடாது. நாங்கள் "பொறு" என்றோம். உதடு மூடித் திறந்தது, பொருளும் சரியாக நின்றது. முடிவில் மட்டும் உதடு சற்றுக் குவிந்துவிட்டது. ஆங்கிலத்தை ஓரிடத்திலாவது வென்றதில் அறைக்கு அவ்வளவு மகிழ்ச்சி.

குறைகளைச் சேர்த்துச் சொல்வதானால்: மின்விசிறிகள் ஒலிபெருக்கியோடு போட்டி போடுகின்றன, குரலைக் கேட்பதற்கென்றே நடத்தும் நிகழ்ச்சியில் இது சிறிய குறையல்ல. நுழைவில் கொடுத்த தாளில் ஆண்டுகள் இல்லை, பெயர்களில் எழுத்துப்பிழைகள் உண்டு. யப்பானியத் தயாரிப்பாளர்களே ஹொங்கொங்கில் செய்வித்த ஏற்றுமதி ஆங்கில டப்பிங்குகளைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அப்பாவோடு நான் பார்த்த படம் அந்த வகையாக இருந்திருக்கவும் கூடும். கதிரைகளில் இரண்டு மணித்தியாலத்துக்கு மேல் உட்கார்ந்தால் இடுப்புப் பிடிக்கும். தலையணை கொண்டுபோவது நல்லது. றோல்ஸ் சூடாக இருந்தது, ஒவ்வொரு முறையும்.

அடுத்த சுற்றுக்கும் பெயர் கொடுத்துவிட்டோம். கடைசி மாலையில் எல்லோரும் கலையும் நேரம், பெறாமகன் ஓடிப்போய் மறுபடியும் ஒலிவாங்கியைப் பிடித்து, முதல் மாலைப் படத்தின் அந்த 'பக்காயாரோ' காட்சியைப் போடச் சொன்னான். ஐந்து வாரமாக யோசித்திருக்கிறான் போலும். மூன்று பீப் முடிந்து, திரையில் இருந்தவர் வாயைத் திறக்கவும், "படுபேயன்!" என்றான். தொடக்கத்தில் உதடும் பொருந்தியது, நான்கு அசையும் பொருந்தின. அண்ணை ரிமோட்டை மேசையில் வைத்துவிட்டுக் கைதட்டினார்.